கொஞ்சமும் கொஞ்சந்தானும்

ஆங்கில பாஷையில் 'எ' என்று ஓர் ஒற்றை எழுத்துச் சொல் இருக்கிறது. அகராதியின் முதல் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறதே தவிர, அதற்குப் பொருள் தேடி யாரும் அகராதியைப் புரட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்தின் விலை என்ன என்று என்னைக் கேட்டால், இரண்டு கலம் நெல் என்று சொல்லுவேன். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நேயர்கள் என்னோடு கொஞ்ச தூரம் நடந்து வர வேண்டும். பயப்பட வேண்டாம், கொஞ்ச தூரந்தான்.

சீர்காழிக்காரர்களுக்குச் சிறிய அளவுகளில் ஒரு பெருமை உண்டு. எங்கள் ஊர்க் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அழுததும், அதற்கு அம்பிகை கிண்ணத்தில் பால் கொடுத்ததும், அந்தக் குழந்தை ஞானசம்பந்தராகிப் பாடத் தொடங்கியதும் தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. பாலின் அளவு கொஞ்சம். பலன் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குப் பன்னிரண்டு பெயர் இருந்தும், வெளியூர்க்காரர்கள் எங்களை நினைவு வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கிண்ணத்தால்தான்.

அப்படிப்பட்ட ஊரில் நான் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். 1991-இல் தஞ்சாவூர் மாவட்டத்தைப் பிரித்து எங்களை நாகப்பட்டினத்தோடு சேர்த்திருந்த சமயம். (2020-இல் மறுபடியும் பிரித்து, இப்போது நாங்கள் மயிலாடுதுறை மாவட்டம்.) எங்கள் ஆங்கில வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் இலக்கணம் என்று வந்துவிட்டால் அவருக்குப் பிரம்பும் எங்களுக்குப் பாராயணமுமே துணை. "லிட்டில் என்றால் நெகடிவ், எ லிட்டில் என்றால் பாசிடிவ், த லிட்டில் என்றால் உள்ளது முழுவதும்" என்று அவர் சொல்ல, நாங்கள் நாற்பது பேரும் திரும்பச் சொல்லுவோம். ஃப்யூ, எ ஃப்யூ, த ஃப்யூ என்று அதற்குத் தம்பிகள் மூவர். பரீட்சையில் கோடிட்ட இடம் வரும். 'நெகடிவ்' எங்கே, 'பாசிடிவ்' எங்கே என்று எங்களுக்கு ஒன்றும் புலப்படாது. என் பக்கத்துப் பெஞ்சுக்காரன் ஒரு வழி கண்டுபிடித்தான். நாணயத்தைச் சுண்டிவிடுவான். தலை விழுந்தால் 'எ' உண்டு. பூ விழுந்தால் கிடையாது. பல தடவை என்னைவிட அவனுக்குத்தான் மார்க்கு அதிகம்.

இத்தனைக்கும் அது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் தினமும் நடக்கிற விஷயந்தான்.

சாயங்கால வேளை. எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டார். அடுப்படியில் ஒரு செம்பில் பால் இருக்கிறது. மாமியார் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் பால் இருக்கிறது, காப்பி போட்டுவிடலாம்" என்கிறாள். மருமகள் அதே செம்பைப் பார்த்து, "கொஞ்சந்தான் இருக்கிறது, காணாது" என்கிறாள். பால் ஒன்றே, செம்பும் ஒன்றே. ஆழாக்கை வைத்து அளந்தால் துளிகூட வித்தியாசம் வராது. ஆனாலும் இரண்டு பேர் சொன்னதும் வேறு வேறு. மாமியார் இருப்பதைப் பார்த்தாள். மருமகள் இல்லாததைப் பார்த்தாள். ஆங்கிலேயனாக இருந்தால் மாமியார் 'எ லிட்டில் மில்க்' என்றிருப்பாள். மருமகள் 'எ'யைத் தள்ளிவிட்டு வெறும் 'லிட்டில் மில்க்' என்றிருப்பாள். இவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போது பூனை வந்து, இருந்த கொஞ்சப் பாலையும் குடித்துவிட்டுப் போயிற்று. அந்த 'இருந்த கொஞ்சமும்' என்பதுதான் 'த லிட்டில்'.

ஆக, அவர்கள் சொல்லுக்கு முன்னால் ஒட்டவைப்பதை நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டவைக்கிறோம். அவர்களுக்கு 'எ'யும் 'த'வும். நமக்குத் 'தான்', 'உம்'. அவர்கள் 'நாட் எ லிட்டில்' என்று சொன்னால், ஒரு கொஞ்சத்தை மறுப்பதன் மூலம் 'ஏராளம்' என்று சொல்கிறார்கள். நாமோ 'கொஞ்சநஞ்சமல்ல' என்கிறோம். கடல் கடந்து போய்க் கற்றுக்கொண்ட தந்திரம் ஒன்றும் இல்லை அது.

எண்ணக்கூடியதாக இருந்தால் ஃப்யூ. கோயில் உற்சவத்தில் ஒரு கச்சேரி. மழைத் தூறலில் பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காரியதரிசி வித்துவானிடம் போய், "பத்துப் பேர் வந்திருக்கிறார்கள், ஆரம்பிக்கலாம்" என்கிறார். வித்துவான் திரைக்கு வெளியே பார்த்துவிட்டு, "பத்துப் பேர்கூட இல்லையே ஐயா!" என்கிறார். காரியதரிசி சொன்னது 'எ ஃப்யூ'. வித்துவான் சொன்னது 'ஃப்யூ'. அந்த வெறும் 'ஃப்யூ' உருவத்தில் 'உண்டு' போலத் தோன்றினாலும் உள்ளத்தில் 'இல்லை'தான். அதனால்தான் அதைத் தமிழாக்கும்போது 'சிலர் வந்தார்கள்' என்று எழுதினால் சப்பென்று போய்விடுகிறது. 'அதிகம் பேர் வரவில்லை' என்று எதிர்மறையாக முடித்தால் உயிர் வருகிறது.

எல்லா இடத்திலும் நாம் அவர்களுக்குச் சமம் என்று நான் சொல்லமாட்டேன். 'ரொம்ப' என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது. 'நிரம்ப' என்பது நாக்கில் தேய்ந்து 'ரொம்ப' ஆயிற்று. "காப்பி ரொம்பச் சூடு" என்றால், காப்பி பிரமாதம் என்று பாராட்டா, வாய் வைக்க முடியவில்லை என்று புகாரா? முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பாராட்டுக்கு 'வெரி', புகாருக்கு 'டூ' என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஆகவேதான் நம்மவர்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார் டூ குட்" என்று மெச்சி, வெள்ளைக்காரர்களைத் திகைக்க வைத்தார்கள். அளவுக்கு மீறி நன்றாயிருந்தால் அதில் என்ன குற்றம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. இப்போது அவர்களே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

ஆனால் சிறிய அளவு என்று வந்துவிட்டால், காவிரிப் படுகைக்காரனுக்குப் பாடம் சொல்ல எந்த தேசத்துக்காரனாலும் முடியாது. இதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கதைக்கு இது அஸ்திவாரம்.

எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு வேலிக் கணக்கு. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் வேலி என்பது ஏறக்குறைய ஆறு ஏக்கர் அறுபத்தேழு சென்ட். இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் 'மா' என்ற பெயர். மாவில் நாலில் ஒன்று காணி. அதாவது எண்பதில் ஒன்று. காணியில் நாலில் ஒன்று முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. அதோடு நின்றார்களா என்றால் இல்லை. முந்திரியையே ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதைத் திரும்பவும் முந்நூற்றிருபதாகப் பகுத்துக் 'கீழ் முந்திரி' என்றார்கள். அது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இறங்கிப் போக வழி இருந்தது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ராஜராஜ சோழன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நில அளவு பொறித்திருக்கிறது. அவற்றில் ஒரு வேலியில் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரையில் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அந்தப் பயங்கரமான எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். முந்நூற்றிருபதை நான்கு முறை வைத்துப் பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் சரியாக அந்த எண்தான் வரும். இன்றைய வேலியை அப்படிப் பகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதிதான் கிடைக்கிறது. அதில் ஒரு கடுகு உட்கார இடம் போதாது. அவ்வளவு நிலத்தைக் கோல் பிடித்து யாரும் அளந்திருக்க முடியாது. கணக்கு எழுதும்போது, மிச்சம் வந்ததை "இது கொஞ்சந்தானே" என்று தள்ளிவிடக் கூடாது என்று ஒரு கணக்கன் பிடிவாதம் பிடித்திருக்கிறான். கல்தச்சன் அதற்கும் உளி எடுத்திருக்கிறான்.

அளவையிலும் அப்படியே. முந்நூற்றறுபது நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. பிறகு உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம். ஒரு கலத்தைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒற்றை நெல்மணி நிற்கும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் எண்சுவடியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் உருப்போட்டார்கள். 1957-இல் நயா பைசாவும் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து மெட்ரிக் அளவைகளும் வந்த பிறகு இந்தப் பெயர்கள் கடைவீதியை விட்டு மெல்ல மறைந்தன. ஆனாலும் பேச்சை விட்டுப் போகவில்லை. "முக்காலே மூன்று வீசம் பேர் வந்துவிட்டார்கள்" என்று இன்றும் சொல்லுகிறோம். பதினாறில் பதினைந்து பங்கு என்று அர்த்தம். சொல்லுகிறவருக்கே பல சமயம் அந்தக் கணக்குத் தெரியாது.

ஆக, நம்மிடம் இரண்டும் இருந்தன. அளவைச் சொல்ல முந்திரியும் வீசமும் இருந்தன. அந்த அளவைப் பற்றி மனசு நினைப்பதைச் சொல்லத் 'தான்', 'உம்', 'கூட' ஆகியவை இருந்தன. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டிருந்த ஜனங்கள், ஆங்கிலக் கச்சேரி வாசலில் போய் வாயடைத்து நின்றார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊருக்கு உத்தியோகம் பார்க்க வந்த ஒருவரை நான் நினைத்துக்கொள்ள வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்த அவர், மாயூரத்துக்குப் போவதற்கு முன்னால் சீர்காழியில் முன்சீபாக இருந்தார். 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் பிறந்தவர். முன்சீப் ஆவதற்கு முன் திருச்சிராப்பள்ளி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். அவர் சீர்காழியில் இருந்தபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வந்து அவரோடு தங்கியிருந்து, ஊரின் பேரில் சீகாழிக் கோவை பாடினார். பகலில் வழக்கு, மாலையில் தமிழ் என்று இருந்த வீடு அது.

மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பெரிய சொற்கள் சண்டித்தனம் செய்வதில்லை, அகராதியில் கிடைத்துவிடும். மனிதனைக் கவிழ்ப்பவை சின்னச் சொற்கள். "பிரதிவாதிக்கு அநுகூலமாக எ லிட்டில் சாட்சியம் இருக்கிறது" என்று ஒரு தீர்ப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நிற்கிறது என்று பொருள். அந்த 'எ'யை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் வழக்கு விழுந்துவிட்டது என்று பொருள். நடுவில் அகப்பட்டுக்கொண்டவனுடைய நிலமோ வீடோ போய்விடும். அவனுக்கோ தன்னைக் கவிழ்த்தது எந்தச் சொல் என்பதுகூடத் தெரியாது.

வேதநாயகம் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1805 முதல் 1861 வரை சென்னை சதர் கோர்ட்டார் செய்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்து, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். சென்னை ஹைகோர்ட்டு ஏற்பட்டதும் அதே 1862-தான். பெரிய கோர்ட்டைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்த வருஷத்தில், கோர்ட்டுக்குள் நடப்பது கட்சிக்காரனுக்குப் புரிய வேண்டும் என்று எங்கள் ஜில்லா முன்சீப் ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். பிறகு 1879-இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் அவர் அதை விடவில்லை. கட்சிக்காரனும் தமிழன், வக்கீலும் தமிழர், நியாயாதிபதியும் தமிழர். இப்படியிருக்க விவகாரம் மட்டும் இங்கிலீஷில் நடப்பானேன் என்று கேலியாகவும் கோபமாகவும் கேட்டிருக்கிறார். தமிழின் முதல் நாவல் என்று நாம் கொண்டாடுகிற புத்தகத்தில், கதாநாயகனின் காதலோடு கோர்ட்டு பாஷையும் ஒரு பிரச்னையாக இடம் பெற்றிருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். கதை எழுதுகிறவனுக்கு வேறு உத்தியோகமும் இருப்பது சில சமயம் நல்லதுதான் போலிருக்கிறது.

அவர் ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர், நன்றாகக் கற்றவர். நன்றாகக் கற்றவர்களுக்குத்தான் ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குப் போகும்போது எது சிந்திப் போகும் என்பது தெரியும்.

அதே 1850களில் இன்னொரு பக்கத்தில் வேறொரு காரியம் நடந்தது. தஞ்சாவூரில் இருந்த ஜி. யு. போப் பாதிரியார், ஆங்கிலேயர்கள் தமிழ் படிப்பதற்காகப் பாட புத்தகம் எழுதி வெளியிட்டார். அதில் தமிழை ஆங்கிலத்தின் மூலம் விளக்கினார். கற்கிறவனுக்குத் தெரிந்த பாஷையிலிருந்து தெரியாத பாஷைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நமக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் மூலமே கற்க வேண்டும், வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று நம்முடைய பள்ளிக்கூடங்கள் பல வைத்துக்கொண்டன. பழங்காலத்து நெஸ்ஃபீல்டு போய், 1930களில் ரென்னும் மார்ட்டினும் சேர்ந்து எழுதிய இலக்கணம் வந்தது. எங்கள் தலைமுறை வரைக்கும் அதுதான் வேதம். அந்த ரென் துரை ஒரு நாவலாசிரியர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. பம்பாய்ப் பக்கத்தில் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று பாலைவனத்துப் பட்டாளத்தைப் பற்றி நாவல் எழுதிப் பிரபலமானவர். ஒரு நாவலாசிரியரே எழுதியும் அந்த இலக்கணத்தில் எனக்குக் கதை ஒன்றும் அகப்படவில்லை. குற்றம் அவர் மேல் இல்லை. அவருக்கு எங்கள் வீட்டு மாமியாரையும் மருமகளையும் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

இப்போது என் தாத்தாவிடம் வருகிறேன்.

தாத்தாவுக்கு எழுத்து வாசனை கொஞ்சந்தான். ஆனால் எண்சுவடி தலைகீழாகத் தெரியும். அரைக்காணியும் மாகாணியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, மறுநாள் பரீட்சைக்காக "லிட்டில் என்றால் நெகடிவ், எ லிட்டில் என்றால் பாசிடிவ்" என்று உரக்கப் பாராயணம் செய்துகொண்டிருந்தேன். தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்டா தம்பி, அந்த 'எ'யைப் போட்டா என்ன, போடாட்டா என்ன?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "போட்டா, இருக்குன்னு அர்த்தம் தாத்தா. போடாட்டா, இல்லாத மாதிரின்னு அர்த்தம்."

அவர் தடவுவதை நிறுத்திவிட்டார். "இல்லாத மாதிரின்னா? கொஞ்சந்தான் இருக்குங்கிறோமே, அப்படியா?"

வாத்தியார் நாற்பது பேருக்குப் பிரம்பை வைத்துக்கொண்டு விளக்க முடியாததை, ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டார் தாத்தா. "ஆமாம், அப்படித்தான்" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். பட்டா, ரசீது, ஜாதகம் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பழுப்பேறின ஒரு காகிதத்தை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். "இதிலே அந்த 'எ' இருக்கான்னு பாரு."

அது ஒரு மனுவின் நகல். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறிய புயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாத்தா அப்போது அந்தப் பக்கத்து கிராமம் ஒன்றில் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார். கதிர் வாங்கும் பருவத்துச் சம்பா சாய்ந்து தண்ணீரில் அழுகிவிட்டது. வீட்டில் மிஞ்சியது கோட்டை கட்டி வைத்திருந்த விதைநெல் மட்டும். நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் எட்டணா கொடுத்தார். "விதைநெல்லு ரெண்டு கலந்தான் இருக்கு சாமி. சாப்பாட்டுக்கு ஐந்து பேர் இருக்கோம்" என்று சொன்னார். எழுதுகிறவர் இங்கிலீஷில் எழுதினார். இங்கிலீஷில் எழுதினால்தான் மனுவுக்கு மதிப்பு என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது 1956-இல்தான்.

நான் காகிதத்தைப் படித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அது எளிதாகவே இருந்தது. 'வீ ஹாவ் எ லிட்டில் பேடி' என்று எழுதியிருந்தது. விதை என்ற பேச்சே இல்லை. இரண்டு கலம் என்ற கணக்கு இல்லை. 'தான்' இருக்க வேண்டிய இடத்தில், அதை அப்படியே தலைகீழாகப் புரட்டிக்கொண்டு, அந்த 'எ' உட்கார்ந்திருந்தது.

மனுவை வாங்கின அதிகாரி அதைப் படித்துவிட்டு, "கையில் நெல் இருக்கிறது என்று நீரே எழுதியிருக்கிறீரே!" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். தாத்தா, "நான் அப்படிச் சொல்லலையே" என்றாராம். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. தை மாதத்துக்குள் அந்த விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டார்கள். அடுத்த குறுவைக்கு விதை வாங்கக் கடன் வாங்கினார். அந்தக் கடன் அடைய மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த 'எ' ஒன்றினால்தான் நிவாரணம் போயிற்று என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வரிசையில் நின்றவர்கள் ஏராளம், இருந்தது கொஞ்சம். 'எ' இல்லாமல் எழுதியிருந்தாலும் அந்த அதிகாரி அதை அதே வேகத்தில் படித்திருக்கலாம். ஆனால் தாத்தா நாற்பது வருஷம் அந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைத்திருந்தார். தாம் சொன்னதற்கும் அதில் எழுதியிருந்ததற்கும் நடுவே எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது எங்கே என்று மட்டும் தெரியவில்லை. அன்று தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டே, "ஓர் எழுத்தா! முந்திரிகூட இராதே!" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பரீட்சையில் கோடிட்ட இடங்களை எல்லாம் நான் நாணயம் சுண்டாமல் சரியாகவே நிரப்பினேன்.

இந்தச் சம்பவம் 2022-இல் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் 'அதி கனமழை' என்ற சொல் ஓயாமல் ஒலித்தது. கனம், மிக கனம், அதி கனம் என்று ஏதோ அலங்காரத்துக்கு அடுக்குகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி அல்ல. வானிலை இலாகாவில் அவை ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.56-ஐத் தொட்டால் மிக கனமழை, 20.44-ஐத் தாண்டிவிட்டால் அதி கனமழை. எங்கள் ஊருக்குக் கிடைத்ததோ அந்தக் கடைசி எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு அப்பால் அவர்களிடமும் சொல் இல்லை.

அளவுச் சொல்லுக்குப் பின்னால் ஓர் அளவு நிற்க வேண்டும் என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு! பெரிய கோயில் கணக்கன் கேட்டால் சந்தோஷப்படுவான். அந்த மழைக்குப் பிறகு சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். கொஞ்சமா, கொஞ்சந்தானா என்பது அவரவர் வீட்டில் புகுந்த தண்ணீரைப் பொறுத்த விஷயம். ஆனால் அதைக் கேட்டு வாங்க யாரும் எட்டணா கொடுத்து இங்கிலீஷில் மனு எழுதவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேதநாயகம் பிள்ளை இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். 1876 முதல் 1878 வரையில் நாட்டை வாட்டிய பஞ்சத்தில், தம் கைப்பொருளைக் கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர் அவர். ஒரு மனுவில் இருக்கும் சொல்லுக்கும் ஒரு கலயத்தில் இருக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே, வீட்டில் ஆங்கிலம் படிக்கிற குழந்தைகள் இருக்கும் நேயர்களுக்கு என் விண்ணப்பம் இது. குழந்தை 'லிட்டில், எ லிட்டில், த லிட்டில்' என்று உருப்போட ஆரம்பித்தால், புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்கு அழைத்துப் போங்கள். ஒரு செம்பில் பாலைக் காட்டுங்கள். 'கொஞ்சம் இருக்கிறது' என்று ஒரு முறையும், 'கொஞ்சந்தான் இருக்கிறது' என்று ஒரு முறையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பாலைக் குழந்தைக்கே கொடுத்துவிட்டு, இருந்த கொஞ்சமும் போயிற்று என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் மூன்றும் வந்துவிடும். பிறகு ஜன்மத்துக்கும் மறக்காது. ஒரு கிண்ணம் பாலில் பாடம் தொடங்குவது எங்கள் ஊர் வழக்கந்தானே!